பத்துக்கு ரெண்டுங்க

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு கிரஹாமின் தோட்டக் கொட்டகைக் கூரை காற்றில் கழன்று, எங்கள் வேலியைச் சாய்த்துவிட்டு, மூன்றாவது வீட்டுக்காரரின் கார்மேல் போய் உட்கார்ந்தது. நான் பதறி வெளியே ஓடினேன். கிரஹாம் கையில் தேநீர்க் கோப்பையோடு, வானம் தெரிகிற தன் கொட்டகையைப் பார்த்தபடி நின்றார். என்னிடம் டெம்பெஸ்சுவஸ் என்ற சொல் தயாராக இருந்தது. புயல்போலக் கொந்தளிக்கிற என்று பொருள். அதைக் கற்றுக்கொண்டு கால் நூற்றாண்டாக ஒரு புயலுக்காகக் காத்திருந்தவன் நான். கோயமுத்தூருக்குப் புயல் வருவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கிரஹாம் சொன்னார்: "பிட் பிரீஸி." கொஞ்சம் காற்றாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். நான் என் சொல்லை அப்படியே விழுங்கிக்கொண்டு வேலியை நிமிர்த்தப் போனேன்.

இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகள் மூடிப்போன ஒரு பழைய நகரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே இருக்கிறவர்களுக்கு ஆறு சொற்கள் போதும். ஃபைன், லவ்லி, ஸாரி, நாட் பேட், ரைட், சியர்ஸ். இந்த ஆறை வைத்துக்கொண்டே பிறந்து, வேலைக்குப் போய், மணந்து, பிரிந்து, கடைசியில் செத்தும் போகிறார்கள். எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? அந்த மொழியின் அத்தனை பெரிய அகராதியும் பின்னே யாருக்காக? எனக்காகவா? ஆமாம், எனக்காகத்தான் என்று தெரிகிறது. அதைப் படித்தவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

காந்திபுரத்தில் ஒரு நகலெடுக்கும் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. காலை ஆறு மணிக்கு. பகலில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. தமிழ் வழியில் படித்தவன் என்பதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆங்கில வழியில் படித்தவனுக்கும் தெரியாத சொல்லைச் சொல்வது. எங்கள் ஆசிரியர் கோடையிலும் டை கட்டியிருப்பார். தினம் ஐந்து அபூர்வச் சொற்கள். காலையில் கற்றதை மாலைக்குள் மூன்று பேரிடம் பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. அதற்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். உக்கடம் பேருந்தில் தொங்கிக்கொண்டே நடத்துனரிடம், வண்டி இன்று மிகவும் ப்ளெத்தோரிக் ஆக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அவர் என்னைப் பரிவோடு பார்த்து, "படில நிக்காதீங்க, உள்ள போயிருங்க" என்றார். ஆனைமலையில் சாந்தாமணியைப் பெண் பார்க்கப் போன அன்று, பெண் எப்படி என்று மாமனார் கேட்டதற்கு இன்எஃபபில் என்றேன். சொல்லால் சொல்ல முடியாத அழகு என்று பொருள். மாமனார் என் அப்பாவின் பக்கம் சாய்ந்து, மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் உண்டுங்களா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

இத்தனை சொற்களை ஏன் சேர்த்தேன் என்பதற்கு ஜம்பம் ஒரு காரணம். அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு காரணத்தை இங்கே வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். கொங்கு நாட்டுக்காரனுக்கு 'ங்க' போடாமல் பேசினால் சட்டை போடாமல் வெளியே வந்த மாதிரி. ஆங்கிலத்தில் அந்த ங்கவை எங்கே வைப்பது? இங்கே நான் வேலை பார்க்கிற தொழிற்சாலையின் மேலாளரிடம் போய் வெறுமனே, "பம்ப் ஒழுகுகிறது" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் வாக்கியத்தில் நாலு நீளமான சொல்லை வைத்து மரியாதையை ஈடுகட்டினேன். தங்கள் விளக்கம் மிகவும் பெர்ஸ்பிகேஷியஸ் ஆக இருந்தது என்று ஒருநாள் அவரிடம் மனதாரச் சொன்னேன். கூர்மையான அறிவுள்ள என்று பொருள். டேவ் என்கிற அந்த மனிதர் காது மடல் சிவந்து, எதுவானாலும் நேரடியாகச் சொல்லிவிடு, இப்படிக் கிண்டல் வேண்டாம் என்றார். அடுத்த வாரம் என்னை எளிய ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இருநூறு வருடம் எங்கள்மேல் ஏற்றி வைத்த மொழியை, இப்போது கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லி ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது அந்தக் குளிர்காலம் முடிந்து வந்த வசந்தத்தில் ஆரம்பித்தது. சாந்தாமணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. சாப்பிட்டால் வரும், தோள்பட்டைவரை ஏறும். இங்கே ஊருக்கு ஊர் ஜி.பி. என்று ஒரு மருத்துவர் உண்டு. அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம். அவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்குகிற பத்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் மூன்று நாள் தயார் செய்துகொண்டு போனேன். வலியைச் சொல்ல ஆங்கிலத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் நெஞ்சில் இருந்தது. உட்கார்ந்ததும், என் மனைவிக்கு லான்சினேட்டிங் வலி, ஈட்டியால் குத்திக் கிழிப்பது போன்றது, விட்டுவிட்டு வருகிற பராக்ஸிஸ்மல் வகை, எக்ஸ்க்ரூஷியேட்டிங், சிலுவையில் அறைந்த வேதனை, என்று கடகடவென்று சொன்னேன். அந்த மருத்துவர் இளம் பெண். அன்பான முகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இணையத்தில் படித்தீர்களா?" என்றார். பிறகு, மனைவியின் சொந்தச் சொற்களில் கேட்கலாமே, நீங்கள் கொஞ்சம் அமைதியாக இருந்தால் உதவியாக இருக்கும் என்றார். என் முப்பது வருட உழைப்பு அந்த ஒரு வரியில் மூலையில் போய் உட்கார்ந்தது.

தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். பேச்சைக் கேட்டால் சென்னைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், சொன்னதைச் சொன்னபடி மாற்றித் தருவது அவர் வேலை, அதைத்தான் செய்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு சாந்தாமணி, "பரவால்லீங்க" என்றாள். பரவாயில்லை என்கிறார் என்று அவர் மொழிபெயர்த்தார். எங்கள் பக்கம் கிணற்றுமேட்டில் விழுந்து கால் முறிந்து கட்டோடு படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும், பரவால்லீங்க, நீங்க காப்பி குடிச்சீங்களா என்றுதான் கேட்பார். வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. இதைத் தொலைபேசியில் யார் விளக்குவது? வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள் என்றார்கள். சாந்தாமணி யோசித்தாள். மருத்துவரின் முகத்தைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களின் இருமல் கேட்டது.

"ரெண்டுங்க."

நான் எழுந்தேன். மருத்துவர் கையமர்த்திவிட்டு இரண்டு என்று தட்டினார். எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். லவ்லி என்றார். வீட்டுக்கு வருகிற பேருந்தில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பத்துன்னு சொன்னா அந்தப் புள்ள பயந்துக்காதுங்களா? வெளிய அத்தன பேரு உக்காந்திருக்காங்க. நாம போயி பெருசா சொல்லிட்டு இருக்கறதுங்களா?" என்றாள். ஒன்பது, பத்தெல்லாம் ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு என்பது அவள் கணக்கு.

எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான். வெள்ளைக்காரர் கொஞ்சம் காற்று என்றால் கூரை போய்விட்டது என்று புரிந்துகொள்கிற ஊர் அது. அந்த மருத்துவரின் தாத்தாவே கை ஒடிந்தால் சற்று உளைகிறது என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னால் உடனே எக்ஸ்ரே. சாந்தாமணி இரண்டு என்றால் மட்டும் அது இரண்டேதான். குறைத்துச் சொல்கிற நாகரிகம் தங்களுக்கு மட்டும் வாய்த்தது என்று நினைப்பு. வெளியூர்க்காரர்கள் என்றால் கூட்டித்தான் சொல்வார்கள், அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கேயோ யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இரண்டு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். என் சேமிப்பில் இருந்த அத்தனை கோபச் சொற்களும் அதில் அணிவகுத்தன. பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் அளிக்கவும்.

ஐந்து மாதம் கழித்து கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்காகக் கோயமுத்தூர் வந்தோம். மண்டபத்தில் என் மச்சான் சுந்தரம் என்னைப் பிடித்துக்கொண்டார். சாந்தாமணியின் அண்ணன். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். அவர் போனுக்குத் தினமும் ஓர் அபூர்வ ஆங்கிலச் சொல் வந்துகொண்டிருந்தது. "மாப்ளே, இன்னிக்கு வந்ததப் பாருங்க. பெட்ரிகோர். மழ பேஞ்சா மண்ணுல வர்ற வாசமாமா. எத்தன அருமையான வார்த்த." மண்வாசனைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர். அதற்கு அவர் வாயில் சொல்லும் இருக்கிறது. கடல் தாண்டி வந்த சொல்லுக்குத்தான் மேனி சிலிர்க்கிறது. நான் சும்மா இருந்திருக்கலாம். வாகாக ஓர் ஆள் மாட்டினால் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தச் சொல்லின் கிரேக்க வேரைப் பிரித்து, இரண்டாவது பாதி தேவர்களின் நரம்பில் ஓடும் ஒரு திரவம் என்று கால்மணி நேரம் விளக்கினேன். அப்போது பந்தியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து, கை கழுவுகிற இடத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை என்றாள்.

சுந்தரம்தான் கார் ஓட்டினார். நகரத்துக்குள் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் ஆஸ்பத்திரி. வாசலிலேயே படிவம் கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலத்தில். கடைசியில் ஆறு வட்ட முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, ஆறாவது அழுகிறது. அதற்குக் கீழே ஒன்றிலிருந்து பத்து. நான் ஐயாயிரம் மைல் தாண்டி வந்து அதே கேள்வியின்முன் நின்றேன். அங்கேயாவது அது அவர்கள் மொழி. இங்கே பீளமேட்டிலும் சூலூரிலும் இருந்து வருகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இதை எப்படி நிரப்புகிறார்கள்? கேட்டேன். எல்லோருக்கும் பழகிவிட்டது சார் என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். இங்கிலாந்து முகவரியைப் பார்த்ததும் தமிழைக் கைவிட்டார். ஆன்ட்டி, ஆன் எ ஸ்கேல் ஆஃப் ஒன் டு டென், என்று ஆரம்பித்தார். சாந்தாமணியின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு கை பட்டுச்சேலையை விலாவிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தது.

"ரெண்டுங்க தம்பி. நீங்க சாப்பிட்டுட்டீங்களா?"

நான் வெடித்தேன். லான்சினேட்டிங் தொடங்கி, ஜி.பி. சொல்ல விடாமல் தடுத்த சொற்கள்வரை அத்தனையும் கொட்டினேன். டாக்டர் வியந்துபோய்க் கேட்டார். முடித்ததும், "சூப்பர் வொகாபுலரி சார்" என்றார். சொல்லிவிட்டுத் தாளில் இரண்டு என்று எழுதினார். அங்கே என்னைச் சந்தேகப்பட்டார்கள், இங்கே பாராட்டினார்கள். எழுதியது என்னவோ அதே இரண்டுதான்.

ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் வந்தார். ஸ்டெல்லா என்று சட்டையில் பெயர். ஐம்பது வயதிருக்கும். கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே, சேலையைப் பார்த்தார். கல்யாணப் பட்டு இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டுத் தொங்கவிட்டிருந்தது.

"ஏனுங்கக்கா, சேலைய எதுக்கு இத்தன தளர்த்தியாக் கட்டியிருக்கீங்க?"

"இறுக்குனா தாங்கறதில்லீங்க."

"எத்தன நாளாங்க்கா?"

"அது ஆச்சுங்க, சித்திரைல இருந்து."

"ஊட்ல சமையல் ஆருங்க?"

"நாந்தானுங்க. ஸ்டூலு போட்டு உக்காந்துட்டே செஞ்சுபோடுவேன். நின்னா கண்ணு இருட்டிட்டு வருதுங்க."

"படுக்கறது?"

சாந்தாமணி என்னை ஒருமுறை பார்த்தாள். "படுக்க முடியறதில்லீங்க. சேர்லதான் உக்காந்துக்கறது. நாலு மாசமா."

ஸ்டெல்லா பட்டையைக் கழற்றினார். டாக்டரிடம் திரும்பி, "இது ரெண்டு இல்லீங்க டாக்டர். ஸ்கேன் எழுதுங்க" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் எழுதினார்.

அந்த நாற்காலி எனக்குத் தெரியும். கூடத்தில் ஜன்னலோரம் இருக்கிற சாய்வு நாற்காலி. ஏன் மேலே வந்து படுப்பதில்லை என்று கேட்டதற்கு, உங்க குறட்டை தாங்க முடியலீங்க என்றாள். நம்பினேன். அதோடு விட்டேனா? பலத்த குறட்டைக்கு ஆங்கிலத்தில் ஸ்டெர்ட்டரஸ் என்று தனிச்சொல்லே இருக்கிறது தெரியுமா என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்படீங்களா என்று கேட்டுக்கொண்டாள். ஸ்டூலையும் பார்த்திருக்கிறேன். அதில் என் கால் இடறிய நாளில், சமையலறையில் இது எதற்கு என்று எரிச்சலோடு ஓரமாகத் தள்ளினேன்.

பித்தப்பை சீழ் பிடித்து வீங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் தாமதித்தால் உள்ளேயே கிழிந்திருக்கும், அதற்குப் பிறகு உறுதி சொல்ல முடியாது என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். இரண்டு நாள் என்றால், நாங்கள் திரும்பும் விமானம் அன்றுதான். சாயங்காலமே உள்ளே கொண்டுபோனார்கள். சுந்தரம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமல் சட்டைப் பையில் கவிழ்த்து வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்து, பச்சைத் துணி கட்டிய ஒருவர், சாந்தாமணி சொந்தக்காரங்க ஆருங்க என்று கூப்பிட்டார். எங்கள் ஊர் வழக்கம் இது: உள்ளே இருந்து எடுத்ததை வெளியே இருப்பவர்களுக்குக் காட்டிவிட வேண்டும். இங்கிலாந்தில் கேட்டால் அதிர்ச்சி அடைவார்கள். ஸ்டீல் கிண்ணத்தில் பதினொரு கற்கள். பழுப்பும் பச்சையுமாக, சில மொச்சை அளவு. பாத்துட்டீங்களா என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். குரலில் கோபம் இருந்தது என்று நினைக்கிறேன். இரண்டு நாட்டின்மேலும் இருந்த கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் ஒரு வாய் விழுங்கிவிட்டு, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் சொன்னாள்: "உங்ககிட்டச் சொன்னா, நீங்க அதுக்கு ஒரு வார்த்த சொல்லுவீங்க."

அன்று மாலை புகார் எழுத உட்கார்ந்தேன். அந்த ஊர் மருத்துவருக்கு ஒன்று, இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பெறுநர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுத வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் மூடி வைத்துவிட்டேன். ஆனால் ஆத்திரம் அடங்கிவிடவில்லை, அடங்கவும் கூடாது. பாஷை தெரியாத ஊரில் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவள் கொடுக்கிற எண்ணை நம்பாதீர்கள். அதற்கு நல்ல ஆங்கிலம் தேடாதீர்கள். அவள் எந்த வேலையைச் செய்யாமல் விட்டாள், எதை உட்கார்ந்து செய்கிறாள், எங்கே தூங்குகிறாள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம் போதும். அதற்கு வீட்டில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த வகுப்பை யாரும் காந்திபுரத்தில் நடத்தவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புறப்பட்டோம். கோயமுத்தூர் விமான நிலையத்தின் சோதனையில் சாந்தாமணியின் கைப்பையை நிறுத்திவிட்டார்கள். வடக்கத்திப் பெண் காவலர் உள்ளே கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாட் இஸ் திஸ் என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும், அவள் அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள் என்று. பித்தக்கற்களுக்கான பிலியரி கால்க்யுலை என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் சாந்தாமணி அரை அடி முன்னால் நகர்ந்து, கையை நீட்டினாள்.

"மைன்," என்றாள்.

ங்க இல்லை. ஸாரி இல்லை. காவலர் குப்பியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையில் கொடுத்துவிட்டார்.

விமானத்தில் உட்கார்ந்த பிறகு, இதைக் கொண்டுபோய் அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"அந்த டாக்டரம்மாகிட்டக் காட்டோணுமுங்க."

"என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேசைமேல வச்சுட்டு உக்காந்துக்குவேன். அவியளே எண்ணிப் பாக்கட்டும்."

வார்த்தை ஏதாவது வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அந்த ஊர் அடுப்படியில் விளைந்து, இந்த ஊரில் அறுத்தெடுத்து, மறுபடி அந்த ஊருக்கே போகிற பதினொரு கற்கள் அவள் மடியில் இருந்தன. விமானம் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. கற்கள் குப்பியில் ஒருபக்கம் உருண்டன. நிமிர்ந்ததும் மறுபக்கம் உருண்டன. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுத்தாள்.